கயிறும் கல்லும் பூவும்

"நடந்ததை மறந்துபோடுங்கோ." இலங்கையின் வன்னிப் போரிலிருந்து மீண்டவர்களுக்கு அயலவரும் பிள்ளைகளும் சொல்லும் ஆறுதல் இது. உளவளத்துணையாளராக என் வேலை இதற்கு நேரெதிர்: ஒழுங்காக நினைக்க வைப்பது.

பேரிடரை அடுத்த நாட்களில் நித்திரை வராததும் திடுக்கிடுவதும் இயல்பு. பலருக்கு அது தானாக அடங்கும். அப்போது யாரையும் வற்புறுத்திக் கதைக்க வைக்கக் கூடாது. ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, சம்பவம் மறுபடி நடப்பது போன்ற உணர்வு, அதை நினைவூட்டுபவற்றை ஒதுக்குவது, மனம் மரத்துப்போவது, ஓயாத பதற்றம் எல்லாம் சேர்ந்து வாழ்க்கையை முடக்கினால் அது மனவடு நோய். வருகிறவர்களோ தலையிடி, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் சொல்வார்கள்.

மருந்தும் உண்டு. செர்ட்ரலின், பரொக்சற்றின் போன்றவை பலருக்கு உதவும். டயசிபாம் வகை வில்லைகள் நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும். கண் அசைவோடு நினைவைக் கையாளும் முறையும் நல்ல பலன் தருகிறது. எனக்குக் கைவந்தது, வாழ்க்கையை வரிசையாகச் சொல்ல வைக்கும் முறை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் சிறுவர்களுக்கும் அதைச் செய்தார்கள்.

தரையில் ஒரு கயிற்றை விரிப்போம். ஒரு முனை பிறப்பு. வாழ இருக்கும் காலத்துக்காக மறுமுனை சுருளாகவே கிடக்கும். நல்லதுக்குப் பூ, கொடுமைக்குக் கல். பிறகு பிறப்பிலிருந்து தொடங்கி, அமர்வு அமர்வாகக் கதை நகரும். கல்லுக்குக் கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைப்பேன்.

"ஷெல் விழேக்கை எங்கை நிண்டனீங்கள் அம்மா? என்ன மணந்தது?"

குரல் நடுங்கினால், "இப்ப எங்கை இருக்கிறம்? கையிலை என்ன இருக்கு?" தேத்தண்ணிக் கோப்பை என்பார். மறுபடி கதையில் பங்கருக்குப் போவோம். பயம் உச்சத்தில் இருக்கும்போது அமர்வை முடிக்கவே கூடாது. அது தணிந்து, அந்த நாளைக் கடந்து அடுத்த நாளுக்கு வந்தபின்பே எழும்புவோம். சொன்னதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவேன். இடமும் நாளும் பொருந்தப் பொருந்த, இப்போது நடப்பதாக உறுத்தியது அன்று நடந்ததாக மாறும்.

ஆனால் காணாமலாக்கப்பட்ட மகனுக்குக் கல்லா, பூவா என்று தாய் கேட்டால் என்னிடம் விடையில்லை. முடிந்ததை முடிந்ததென்று மனதுக்குக் காட்டத்தான் இந்தக் கயிறு. 2009இல் படையினரிடம் கையளித்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாயின் காத்திருப்பை நோயென்று பெயரிட்டு என் அறைக்குள் அனுப்பி வைக்க முடியாது.