டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஒரு புதையல் தேட்டம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தின் நடுவில், டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. மரங்கள் அருகிய நிலம் அது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும் புதரும் நீர் ஊறிய சதுப்புமே. குன்றுகளின் உச்சிகளில், யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற கருங்கற்பாறைகள். மட்டக் குதிரைகள் தம் விருப்பம்போல் மேய்ந்து திரிகின்றன. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கி, உடன் வருபவரையும் மறைத்துவிடும்.

இந்நிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில் பக்ஃபாஸ்ட் மடாலயம் உள்ளது. 1018-இல் தோன்றி, எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் 1539-இல் மூடப்பெற்ற அம்மடத்திற்கு, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் 1882-இல் திரும்பி வந்தனர். மண்ணுள் மறைந்து கிடந்த பழைய அடித்தளத்தின்மீது, ஒரு சில துறவியர் தம் கைகளாலேயே கல்மேல் கல் வைத்து எழுப்பிய ஆலயம் 1932-இல் அர்ச்சிக்கப்பெற்றது. அதனைத் தரிசிக்கச் சென்ற நாம், அருகிலிருந்த மேட்டுநிலத்தில் வேறொரு தேட்டத்தையும் கண்டோம். சிறுவரும் முதியவருமாகக் குடும்பத்தினர், கையில் தொலைபேசியுடன் பாறை இடுக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஜியோகேச்சிங் என்னும் புதையல் விளையாட்டு அது.

அதன் மூதாதை பிறந்தது டார்ட்மூரிலேயே. 1854-இல் சாக்ஃபோர்டு என்னும் ஊரின் வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் என்பார், எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் பூல் என்ற சதுப்பிடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அங்குவரை நடந்தவர்கள் தம் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் இட்டனர். பின்னாளில், தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையை அங்கே விட்டுச் செல்வதும், அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயின. 'லெட்டர் பாக்ஸ்' என்ற பெயர் இதனால் வந்தது. முன்பின் அறியாதவரை நம்பி அட்டையை விட்டு வந்தனர், அந்நம்பிக்கை வீண்போகவில்லை.

அமெரிக்கச் செயற்கைக் கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் குறிகளால் பூமியில் ஓர் இடத்தைக் கணிக்கலாம். பொதுமக்கள் பெறும் குறிகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அந்நாட்டு அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவித்தார். சில நாள்களிலேயே அது கண்டெடுக்கப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளிலும் இத்தகைய பெட்டிகள் மறைந்திருக்கின்றன.

தொடங்குவது எளிது. தொலைபேசியில் இதற்குரிய செயலியைப் பதிந்து, ஒரு புனைபெயருடன் கட்டணமின்றிச் சேரலாம். அருகிலுள்ள பெட்டிகள் நிலப்படத்தில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு: கண்டுபிடிக்கும் கடினம் ஒன்று, நடக்கும் கடினம் மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. புதியவர்கள் இரண்டிலும் 1 அல்லது 1.5 உள்ளதையும், அண்மையில் பிறர் கண்டதாகக் குறிப்புள்ளதையும் தேர்ந்துகொள்வது நலம். விரல் அளவே உள்ள சிமிழ்களை முதலில் தேடினால் சோர்வே மிஞ்சும். எழுதுகோல் ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

நாம் ஒரு குடும்பத்தினருடன் சேர்ந்து நடந்தோம். சில மீட்டர் தொலைவு வரை கொண்டுவந்து விட்டபின், தொலைபேசியால் பயனில்லை. பேரப்பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடினர். பாட்டியாரோ நின்ற இடத்திலேயே நின்று பார்த்து, "அந்த மூன்று கற்களும் மிக ஒழுங்காக இருக்கின்றனவே!" என்றார். கற்களுக்குப் பின்னே ஒரு மூடியிட்ட பெட்டி; அதனுள் குறிப்பேடு, கோலிக்குண்டுகள், ஒரு சிறு குதிரைப் பொம்மை. எடுப்பதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும் என்பது முறை. பேத்தியின் கண்கள் பொம்மையின்மீது நிலைத்தன. அவள் சட்டைப்பையில் இருந்ததோ ஒரு தேய்ந்த பென்சில் துண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவள், பொம்மையை மீண்டும் பெட்டியில் வைத்துவிட்டு, தன் பெயரை மட்டும் குறிப்பேட்டில் எழுதினாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்து, மூன்று கற்களையும் முன்போல் அடுக்கினர்.

வேறு சில ஒழுங்குகளும் உண்டு. மண்ணைத் தோண்டலாகாது, கற்சுவர்களைக் கலைக்கலாகாது, உணவுப் பொருள்களைப் பெட்டியில் வைக்கலாகாது. நிலத்துக்குரியவரின் இசைவின்றிப் பெட்டியை மறைப்பதும் தவறு. கேட்பாரற்ற பெட்டி பொது இடத்தில் அச்சத்தையே விளைவிக்கும். டார்ட்மூரின் வடபகுதியில் படையினரின் துப்பாக்கிப் பயிற்சி நடைபெறுவதால், செங்கொடி பறக்கும் நாளில் அங்கே நுழையலாகாது. கிரான்மியர் பூல் அப்பகுதியிலேயே உள்ளது.

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், நிலத்தில் புதையலைக் கண்டவனைப்பற்றி ஆண்டவர் கூறுகிறார். அவனும் கண்டதை மீண்டும் மறைத்தே வைத்தான். ஆயினும், தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்கும் பொருட்டு மறைத்தான். டார்ட்மூரில் நாம் கண்டவர்களோ, பின்னால் வரும் அறியாத ஒருவர் அதே மகிழ்ச்சியைப் பெறும் பொருட்டு மறைத்தனர். நம் விசுவாச வாழ்வுக்கு இவ்விரண்டும் வேண்டும். விசுவாசத்திற்காக எதையும் இழக்கத் துணிதல் வேண்டும். அதனைக் குறைவுபடாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லுதலும் வேண்டும். பக்ஃபாஸ்ட் துறவியர் கல்லெடுத்துக் கட்டியதும் தமக்காக மட்டும் அன்று.

பெற்றோரே, நம் இல்லங்களில் தொலைபேசி ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மூலையில் அமர்த்திவிட்டது. அதே கருவி அம்மேட்டுநிலத்தில் மூன்று தலைமுறையினரை ஒன்றாக நடக்க வைத்ததை நாம் கண்டோம். ஒரு விடுமுறை நாளில் நீங்களும் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். பெட்டி அகப்படாவிட்டாலும், உடன் நடந்த பொழுது வீணாகாது.