இறங்கத் தெரிந்த விமானம்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நம் வீட்டிலும் இரண்டு வருஷமாக இதே கேள்விதான். அங்கே விடை சொல்லத் தொடங்கினால் காபி ஆறிவிடும் என்பதால் மௌனம் சாதிக்கிறோம்; இங்கே சொல்லிவிடுகிறோம்.

நம் பழைய மாணாக்கர் ஒருவர் இப்போது எஞ்ஜினீயர். கைநிறையச் சம்பாதித்து, அதை மாதிரி ஜெட் விமானங்களாகக் கரைப்பவர். மாதிரி என்றதும் ரப்பரை முறுக்கிவிடும் பொம்மையை நினைக்க வேண்டாம். இரு கைகளில் ஏந்திவிடக்கூடிய எஞ்ஜின்தான். ஆனால் அதன் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்குமேல் சுழலும். மசகெண்ணெய் சிறிது கலந்த மண்ணெண்ணெய்தான் அதற்கு ஆகாரம். கணக்குப் பார்க்க மட்டும் அவர் நம்மிடம் வருவார். "நீங்கள் சரி பார்த்தால்தான் திருப்தி, ஸார்" என்பார். அந்த வார்த்தையில் நாம் மயங்கினோம்.

முதல் விமானத்துக்கு ஒரே எஞ்ஜின். எண்ணெய்க் கணக்கு நம்முடையது. பறக்கும் நிமிஷங்களைப் பெருக்கினோமே தவிர, கிளம்புமுன் தரையில் உருளும் செலவையும், இறங்கும் சமயத்தில் மாடு குறுக்கிட்டால் இன்னொரு சுற்று வரவேண்டிய செலவையும் மறந்தோம். அன்று மாடு குறுக்கிட்டது. இரண்டாவது சுற்றில் எஞ்ஜின் அணைந்தது. விமானம் பாதைக்கு முன்பே வயலில் இறங்கி, வரப்பில் சக்கரம் தட்டிக் குப்புறக் கவிழ்ந்தது. ஒரு வருஷத்து உழைப்பைத் துண்டில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு, "பரவாயில்லை, ஸார்" என்றார் அவர். எத்தனையோ பையன்களின் கணக்கைச் சிவப்பு மசியால் சுழித்தவர்கள் நாம். அன்று நம் கணக்கைச் சுழிக்க ஒருவரும் இல்லாததுதான் நம்மை அதிகம் வருத்திற்று.

சென்ற மாதம் அவர் மறுபடியும் வந்தார். இம்முறை இரண்டு எஞ்ஜின்! தயங்கினோம். ஆனாலும் காகிதத்தை விரித்தாயிற்று.

எஞ்ஜின் ஒன்று முழு வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 350 மில்லி லிட்டர் குடிக்கும். சராசரி அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால், இரண்டுக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு 470. தரையில் உருள்வதும் உட்பட ஏழு நிமிஷத்துக்கு 3.3 லிட்டர். அதற்குமேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு. ஆக, 4.4 லிட்டர். மண்ணெண்ணெய் லிட்டருக்கு 0.8 கிலோ வீதம், எடை மூன்றரைக் கிலோ. இந்தப் பாரம் விமானத்தின் எடை மையத்திலேயே அமர வேண்டும். இல்லாவிடில் தொட்டி காலியாகக் காலியாக மூக்கோ வாலோ தாழத் தொடங்கும்.

தொட்டி ஒன்றா, இரண்டா? ஒன்றானால் ஒரு காற்றுக் குமிழி இரண்டு எஞ்ஜினையும் அணைத்துவிடக்கூடும். ஆகவே மையத்தின் இருபுறமும் சமமாக இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனிப் பம்பு, குமிழியைப் பிடித்து நிறுத்தத் தனிச் சிறு தொட்டி. ஒரு பக்கத்து எஞ்ஜின் நின்றால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும். ஆயினும் மற்றொன்றைக் கொண்டு ஊர் வந்து சேரலாம்.

0.8 என்ற எண்ணை எழுதும்போது நமக்குக் கானடா தேசத்துச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1983 ஜூலை 23-ந் தேதி, இரட்டை எஞ்ஜின் போயிங் 767 ஒன்றுக்கு எண்ணெய் அளந்தவர்கள், கிலோவுக்குரிய 0.8-க்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட இல்லாமல் விமானம் புறப்பட்டது. நடுவானில் இரண்டு எஞ்ஜினும் அணைந்தன. சக்கரங்களை அவற்றின் சொந்தப் பாரத்தாலேயே கீழே விழச் செய்தபோது, மூக்குச் சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளவில்லை. காப்டன் பியர்ஸன் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் அதை மிதக்கவிட்டு இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். ஒரு பெருக்கல் பிழை எண்ணெயில் தொடங்கிச் சக்கரம் வரை வந்து சேர்ந்ததைக் கண்டீர்களா?

ஆகையால் சக்கரங்களுக்கும் அதே கவனம். பிரதான சக்கரங்கள் எடை மையத்துக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். மிகவும் பின்னால் போனால் கிளம்பும்போது மூக்கு எழும்பாது. முன்னால் வந்தால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். மூக்குச் சக்கரம் முன்பக்கமாக மடியட்டும். விரியும்போது எதிர்க்காற்றே அதைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்ட உதவும். அழுத்திய காற்றால் இயக்கினால் எங்கேனும் கசியலாம் என்று மின்சார மோட்டாரைத் தேர்ந்தோம். அதற்குத் தனி பாட்டரி.

எல்லாம் முடிந்ததும், "எத்தனை நிமிஷம் பறக்கலாம், ஸார்?" என்று கேட்டார்.

"கேள்வியே தவறு, தம்பி. எத்தனையாவது நிமிஷத்தில் இறங்க வேண்டும் என்று கேள்."

அவர் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, படத்தில் நாம் 'கையிருப்பு 1.1 லிட்டர்' என்று எழுதியிருந்த இடத்தில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'மாடு' என்று எழுதினார்.

ஒரு வருஷம் கழித்தாவது நம் விடைத்தாளைத் திருத்த ஓர் ஆள் கிடைத்தார்.