எந்த விட்டம்?

மெல்லிய சுவருள்ள எஃகு புஷ் அது. உள்துளை 40 மில்லிமீட்டர், டிராயிங்கில் எச்7. அதாவது 40.000-க்குக் குறையக் கூடாது, 40.025-ஐத் தாண்டக் கூடாது. சிஎம்எம் எனும் அளவிடும் இயந்திரத்தின் மேசையில் வைத்தேன். ரூபி முனை துளைக்குள் நான்கு இடத்தில் தொட்டுத் திரும்பியது. திரையில் 40.012 என்று பச்சையில் வந்தது. வட்டப் பிழை ஏறக்குறைய பூஜ்யம். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. "ஷாஃப்ட் எறங்க மாட்டேங்குதுங்க."

திரும்பி வந்த புஷ்ஷை மறுபடி அளந்தேன். அதே 40.012. போர் டயல் கேஜை விட்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவுதான். பார்த்துக்கொண்டிருந்த மூத்த டர்னர் அண்ணன், "பிளக் கேஜைக் கொண்டாங்க தம்பி" என்றார். உள்ளே நுழைய வேண்டிய அதன் கோ முனை துளையின் வாயிலேயே நின்றுவிட்டது.

துளையைச் சுற்றி 36 புள்ளிகள் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளையைக் கடைந்திருக்கிறார்கள். பிடியில் இருந்தவரை துளை வட்டம்தான். தாடையைத் தளர்த்தியதும் சுவர் மீண்டு, துளை மூன்று இடத்தில் உப்பி, மூன்று இடத்தில் ஒடுங்கிவிட்டது. ஓர் உப்பலுக்கு நேர் எதிரே எப்போதும் ஓர் ஒடுக்கம் இருக்கும். அதனால் குறுக்கே எங்கே அளந்தாலும் ஒரே அளவு வரும். நான்கு புள்ளி எடுத்தாலும் இதே கதை. இந்த வடிவத்தில் சம இடைவெளியில் தொட்ட நான்கு புள்ளிகள், மையம் மட்டும் சற்று நகர்ந்த சுத்தமான வட்டமாகவே கணக்கில் வரும். உண்மையான வட்டப் பிழை 16 மைக்ரான்.

சாஃப்ட்வேரில் வழக்கமாக இருப்பது குறைந்த வர்க்க வட்டம். எல்லாப் புள்ளிகளுக்கும் சராசரியாகப் பொருந்தும் வட்டம் அது. அதைத் துளைக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டமாக மாற்றினேன். அதே புள்ளிகளுக்கு விட்டம் 39.996 என்று வந்தது. வாடிக்கையாளரின் ஷாஃப்ட் 39.998. எப்படி இறங்கும்?

1905-லேயே இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் இதற்கு வழி சொல்லிவிட்டார். கோ கேஜ் முழு வடிவத்தையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும். நுழையக் கூடாத நோ-கோ ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். டர்னர் அண்ணன் கேட்ட பிளக் கேஜின் கோ முனை செய்தது முதல் வேலையைத்தான். அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரத்தில் முழு வடிவமும் அளவு எல்லைக்குள் அடங்க வேண்டும் என்ற இந்த உறை விதி தானாகவே பொருந்தும். ஐஎஸ்ஓ 14405-1 தரத்திலோ, டிராயிங்கில் வேறு குறி இல்லாவிட்டால் அளவு என்பது இரு புள்ளி அளவுதான். உறை வேண்டுமானால் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தைப் போட வேண்டும். எங்கள் டிராயிங் ஐஎஸ்ஓ முறையில் போட்டது. அதில் அந்தக் குறி இல்லை.

குறைந்த வர்க்க வட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு தூசியோ ஒரு பிசிறோ அதை அதிகம் அசைக்காது. மெஷினின் ஆஃப்செட்டைத் திருத்த அதைவிட நல்ல எண் கிடையாது. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டிய இடத்தில் சராசரி உதவாது. துளைக்கு உள்ளடங்கும் பெரிய வட்டம், ஷாஃப்டுக்கு வெளியே சூழும் சிறிய வட்டம். இவைதான் பதில் சொல்லும். இவை ஒரு சில புள்ளிகளை மட்டுமே நம்பி நிற்பவை. ஆகவே ஜாபைச் சுத்தமாகத் துடைத்து, புள்ளிகளைத் தாராளமாக எடுக்க வேண்டும்.

டிராயிங் போடுகிறவர்கள் அந்த ஒரு குறியைத் தயவுசெய்து போடுங்கள். இன்ஸ்பெக்ஷனில் உட்காரும் தம்பி தங்கைகளே, பச்சை நிறத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தத் துளைக்குள் என்ன போகப்போகிறது என்று முதலில் கேளுங்கள். எத்தனை புள்ளி, எந்த வட்டம் என்பதை ரிப்போர்ட்டில் விட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.