குளிசைக்கு ஒரு பெயர்

வட்டுக்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டில், ஆங்கிலம் படித்தவள் என்ற பெயர் எனக்கு உண்டு. கலைப்பீட மாணவியாகிய எனக்கு மருத்துவத்தில் ஓர் அட்சரமும் தெரியாதெனினும், மருந்துப் பெட்டிகளை வாசித்துப் பொருள் கூறும் பணி நெடுங்காலமாக என்னுடையதாகவே இருந்து வந்தது. அம்மம்மாவின் உயர் குருதியமுக்கத்துக்கு அம்லோடிப்பின் என்னும் குளிசை எழுதப்பட்டபோது, அதன் இனத்தைக் குறித்திருந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒரே மூச்சில் தமிழாக்கினேன்: "கல்சியத்தை மறிக்கிற குளிசை, அம்மம்மா."

மூன்று சொற்களுள் நடுச்சொல்லை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே அவர் பால் குடிப்பதை நிறுத்திவிட்டார். "கல்சியத்தை மறிக்கத்தானே குளிசை தந்தவை. பிறகேன் பிள்ளை நான் பாலைக் குடிச்சு மருந்தோட மல்லுக்கட்டுவான்?" என்றார். அவருடைய தருக்கத்தில் பிழை காண்பதற்கில்லை. சில வாரங்களில் கணுக்கால்கள் வீங்கின. எலும்பு உக்கிவிடும், கிட்னி பழுதாகிவிடும் என்று அயலில் ஒருவர் சொல்ல, முன்னரே அம்மருந்தின்மீது ஐயங்கொண்டிருந்த அம்மம்மா ஒருவருக்கும் சொல்லாமல் அதனைக் கைவிட்டார். மாதம் ஒன்று கழிந்தது. ஒருநாள் விடியற்காலையிலே தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து தேங்காய்ப்பாதி நழுவி விழுந்தது. பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது, விரல்களின் பிடி மட்டும் முற்றாகத் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வாங்கில் இருந்த இரவுகளில், நான் விட்ட அந்தச் சொல்லைத் தேடி வாசிக்கலானேன்.

கதை ஒரு தவளையின் இதயத்திலிருந்து தொடங்குகிறது. 1880களின் தொடக்கத்தில் இலண்டனிலே சிட்னி றிங்கர் என்னும் மருத்துவர், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்தார். வடித்த நீரில் ஆக்கப்பட்டதென அவர் நம்பிய கரைசல், உண்மையில் குழாய்நீரில் ஆக்கப்பட்டிருந்தது. மெய்யாகவே வடித்த நீரை எடுத்தபோது இதயம் சோர்ந்து நின்றது. குழாய்நீரிலிருந்த கல்சியமே அதனை இயக்கியது என்பதை 1883 இல் அவர் வெளியிட்டார். எங்கள் குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின்மீது கிடக்கிறது. எங்கள் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியைப் பார்த்தவர்க்கு இக்கதை வியப்பளியாது.

அதே 1883 இல் 'மனுஷ சுகரணம்' என்ற உடற்றொழிலியல் நூல் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவருக்காக வெளிவந்தது என்பது என்னை உறுத்தியது. அதற்குக் காரணரான டொக்டர் சாமுவேல் கிறீன், 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து முதலில் தங்கியது எங்கள் வட்டுக்கோட்டையிலேதான். பின்னர் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஒவ்வொரு நரம்புக்கும் தசைக்கும் தமிழ்ப்பெயர் தேடி உழைத்த அத்தகையோர் நடமாடிய ஊரிலே, நான் ஒரு சொல்லைச் சோம்பலால் விட்டேன்.

அச்சொல் 'கால்வாய்' என்பதாகும். கலத்துக்கு வெளியேயுள்ள கல்சிய அயன்களின் செறிவு, உள்ளேயிருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்களவு மிகுந்தது. கலமென்சவ்விலுள்ள நுண்ணிய கால்வாய்கள் திறக்கும்போது கல்சியம் உள்ளே பாய, தசை சுருங்குகிறது. 1960களில் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் அல்பிரெக்ற் பிளெக்கென்ஸ்ரைன் என்பவர், வெரபமில் போன்ற மருந்துகள் ஊட்டப்பட்ட இதயத்தசை, கல்சியம் அகற்றப்பட்ட தசையைப் போலவே தளர்வதைக் கண்டார். மேலும் கல்சியம் சேர்த்ததும் வலிமை மீண்டது. வெரபமிலும் டில்ரியாசெமும் இதயத்துடிப்பையே மெதுவாக்க வல்லவை. நிபெடிப்பினும் அம்லோடிப்பினும் பெரும்பாலும் நாடிச் சுவரின் தசையைத் தளர்த்துபவை. நாடி விரிய, அமுக்கம் தணிகிறது. நெஞ்சு நோவுக்கும் இவை கொடுக்கப்படுவது இதனாலேயே.

உண்ணும் பாலுக்கும் எலும்புக்கும் இதில் வழக்கில்லை. கால் வீக்கமும் சிறுநீரகம் பழுதானதால் வந்ததன்று. சிறுநாடிகள் விரியுமளவுக்கு நாளங்கள் விரியாமையால், இடையிலுள்ள மயிர்த்துளைக் குழாய்களில் அமுக்கம் கூடி நீர் கசிகிறது, அவ்வளவே. பின்னர் டொக்டர் அளவைக் குறைத்து, வேறொரு குளிசையைச் சேர்த்ததும் வீக்கம் வடிந்தது. முன்னரே சென்று கேட்டிருக்கலாம்.

வீடு திரும்பிய பின் அம்மம்மாவுக்கு மீண்டும் விளக்க முற்பட்டேன். கால்வாய் என்றதும் அவர் வழுக்கையாற்றையே நினைத்தார். ஆகவே முற்றத்துப் படலையைக் காட்டினேன். "கல்சியம் ஆடு மாதிரி, அம்மம்மா. படலை முழுக்கத் திறந்து கிடந்தால் எல்லாம் ஒருமிக்க உள்ளுக்கு வந்து நாடியை நெரிக்கும். குளிசை படலையைக் கொஞ்சம் சாத்திவிடுது. ஆட்டைக் கொல்லேல்லை."

அவர் நெடுநேரம் படலையையே பார்த்திருந்தார். "அப்ப நான் பால் குடிக்கலாம்?"

"குடிக்கலாம்."

"இதை நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

நான் பாலைக் காய்ச்சிக் கொணர்ந்தேன். பேணியை இடக்கையால் வாங்கிக்கொண்டார்.