ஆயிரம் குதிரைகளும் ஒரேத்தோ வீதியும்

பலெர்மோவின் மத்திய புகையிரத நிலையத்துக்கு அருகில் தொடங்கித் தெற்கே போகும் நீண்ட வீதிக்கு வியா ஒரேத்தோ என்று பெயர். அதே பெயருள்ள ஆற்றைப் பாலத்தால் கடந்து, நகரைச் சுற்றி ஓடும் பெருந்தெருவோடு சேர்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு முதலில் பழக்கமான வீதிகளில் அதுவும் ஒன்று. வீதியோரத்தில் ஒரு வரிசைக் கார்கள். அதற்கு வெளியே, 'இதோ வந்துவிடுகிறேன்' என்று நிறுத்திவிட்டுப் போனவர்களின் இன்னொரு வரிசை. இடையில் பஸ், ஸ்கூட்டர், தோடம்பழம் ஏற்றிய மூன்று சில்லு 'ஆப்பே'. இவ்வளவுக்கும் நடுவே சந்தைப் பையுடன் கடக்கும் கிழவிகள்.

இந்த வீதியில் இருந்துகொண்டு நாங்கள் கார்களைப்பற்றி எழுத நேர்ந்தது எங்கள் தமக்கையின் மகனால். அவன் ரொறொன்ரோவில் பிறந்தவன். இருபத்துநாலு வயது. போன வருடம் ஒரு டொட்ஜ் சலெஞ்சர் ஹெல்காற், இரண்டாம் கைக் கார் வாங்கினான். அக்கா தொலைபேசியில் அழுதாள். "நீங்கள் ரெண்டு பேரும் மாமாமார். அவனுக்கு ஒரு சொல் சொல்லுங்கோவன். அந்தக் கார் ஸ்ராற் பண்ணேக்கை வீடே அதிருது" என்றாள். அவனோடு கதைத்தபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி. "மாமா, இது றேஸ் கார் இல்லை. நம்பர் பிளேற் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. அரசாங்கமே றோட்டிலை ஓடலாம் எண்டு விட்டிருக்கு. பிறகென்ன?"

பிறகென்ன என்ற அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்று சொல்வது சாதாரணக் குடும்பக் காரின் உடலுக்குள் மிகப்பெரிய எஞ்சினை வைத்த காரை. 1964இல் வந்த பொன்ரியாக் ஜீ.ரி.ஓ.வை அந்த வம்சத்தின் மூத்த பிள்ளையாகப் பலர் சொல்வார்கள். அதன் வலு 325 குதிரை. தொழிற்சாலையில் வேலைசெய்யும் இளைஞனும் கடன்பட்டு வாங்கக்கூடிய விலை. பணக்காரனின் வேகத்தைப் பாட்டாளிக்கும் கொடுத்த கார் என்பதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. 2015இல் வந்த ஹெல்காற்றின் வலு 707 குதிரை. 2023இல் வந்த சலெஞ்சர் டீமன் 170, எதனோல் அதிகம் கலந்த எரிபொருளில் 1,025 குதிரை என்று அறிவிக்கப்பட்டது. இவை செய்யப்பட்டது எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறொன்ரோவின் அயல் நகரான பிரம்டனில். அந்த வருட முடிவோடு அங்கே அந்தக் கார்களின் உற்பத்தி நின்றுபோனது. நின்றுபோனதும் அவற்றின்மீது ஆசை இன்னும் கூடியது.

எங்கள் ஐயா ஊரில் ஒஸ்ரின் ஏ-40 வாடகைக்கு ஓடியவர். அதன் வலு ஏறக்குறைய 40 குதிரை. ஐந்து பேருக்குச் செய்த அந்தக் காரில் பத்துப் பேர் கலியாண வீட்டுக்குப் போனதை நாங்கள் கண்டிருக்கிறோம். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் பவுணுக்குச் சமமானபோது, சிறு போத்தலில் இருக்கும் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார் ஐயா. மண்ணெண்ணெயில் அந்த 40 குதிரையும் முழுதாக வராது. கரும்புகையைக் கக்கிக்கொண்டு, பிள்ளைப்பேற்றுக்காரியை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கார். பேரன் ஹெல்காற்றில் கடைக்குப் பால் வாங்கப் போகிறான். வலுவையும் தேவையையும் ஒரே கோலால் அளந்து வளர்ந்த எங்களுக்கு இந்த இடைவெளி தலைசுற்றலைத் தருகிறது.

ஆனால் உண்மையை உண்மையாகச் சொல்லவேண்டும். மருமகன் சொன்னதுபோல, இன்றைய மசில் கார் வீதியில் ஓடமுடியாத காட்டு மிருகம் அல்ல. பழைய காலத்துக் கார்களைப்போல அது சிக்னலில் நின்று கொதிக்காது. குளிரூட்டி உண்டு. சில்லு வழுக்கத் தொடங்கினால் கணினி எஞ்சினின் கழுத்தைப் பிடித்துவிடும். ஹெல்காற்றுக்கு இரண்டு திறப்புகள் கொடுக்கிறார்கள். சிவப்புத் திறப்பில் முழு வலுவும் வரும். கறுப்புத் திறப்பில் 500 குதிரைக்குமேல் வராது. இந்தக் கார் எல்லோர் கையிலும் எல்லா நேரமும் முழு வலுவோடு இருக்கக்கூடாது என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்தக் கறுப்புத் திறப்பு.

ஓடமுடியுமா என்பதற்கு ஓடமுடியும் என்றுதான் பதில். அந்த வலுவால் வீதியில் என்ன செய்யமுடியும் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம் இதற்குப் போதும். காரைத் தள்ளுவது எஞ்சின் என்றாலும் நிலத்தைப் பிடிப்பது ரயர். நான்கு உள்ளங்கை அளவான றப்பர்தான் நிலத்தில் படுகிறது. ஹெல்காற்றின் நிறை ஏறக்குறைய இரண்டு தொன். தள்ளுவது பின்சில்லு இரண்டும் மட்டுமே. காய்ந்த தாரில், நல்ல ரயரோடு, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த இரண்டு சில்லுகளும் நிலத்துக்குக் கொடுக்கக்கூடியது சுமார் 220 குதிரை என்று கணக்குப் போட்டால் வருகிறது. மழையென்றால் அதில் பாதி. மிச்சம் ஐந்நூறு குதிரைக்கும் அந்த வேகத்தில் வேலை இல்லை. அவிழ்த்துவிட்டால் ரயரைப் புகையாக்கும், அல்லது காரின் பின்பக்கத்தைக் குறுக்கே திருப்பும். பலெர்மோவின் பழைய நகரில் தெருவுக்குக் கல் பதித்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளாகத் தேய்ந்த அந்தக் கல்லில் மழை பெய்தால் நடப்பவர்களே வழுக்கி விழுகிறோம்.

வேகம் கூடக்கூட அந்த மிச்சக் குதிரைகளுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் அது வீதிக்குரிய வேகம் அல்ல. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை எந்தக் கணினியாலும் மாற்றமுடியாது.

இதையெல்லாம் கடதாசிக் கணக்கு என்று மருமகன் தள்ளிவிடலாம். ஆனால் நாங்கள் வாழும் இந்தத் தீவு எழுபது வருடங்களுக்கு மேலாக இதே கேள்வியை வீதியில் வைத்தே பரீட்சித்துப் பார்த்த இடம். ஒரேத்தோ வீதியிலிருந்து பெருந்தெருவில் ஏறிக் கிழக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மதோனியே மலைகளுக்குப் போய்விடலாம். அங்கே பலெர்மோவின் செல்வந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வின்சென்சோ புளோரியோ 1906இல் 'தார்கா புளோரியோ' என்ற கார்ப் போட்டியைத் தொடங்கினார். போட்டிக்கென்று கட்டிய ஓடுபாதை அல்ல அது. கழுதை வண்டியும் ஆட்டுமந்தையும் போகும் ஊர் வீதி. முதல் போட்டியில் வென்ற அலெஸ்ஸாந்த்ரோ காஞ்ஞோ சுமார் 446 கிலோமீற்றரை ஓடிமுடிக்க ஒன்பதரை மணித்தியாலம் எடுத்தார். பின்னாளில் சுற்று 72 கிலோமீற்றராகக் குறுகியது. சேர்தா, கால்த்தாவுத்தூரோ, கொல்லேசானோ என்று ஊர்களுக்குள்ளால், வீட்டு வாசற்படிகளை உரசிக்கொண்டு, நூற்றுக்கணக்கான வளைவுகளில் திரும்பி, கடலோரத்தில் ஆறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஒரு நேர்வீதியில் வந்து விழும்.

1970ஆம் ஆண்டுப் போட்டியை மருமகனுக்கு விபரமாகச் சொன்னோம். அப்போது போர்ஷேயிடம் 917 என்ற கார் இருந்தது. 550க்கு மேற்பட்ட குதிரைவலு. உலகத்தின் வேகமான பாதைகளில் அதை வெல்வது கடினம். பயிற்சியின்போது விக் எல்போர்ட் அதை மதோனியே சுற்றில் ஓட்டிப் பார்த்தார். போட்டிக்கு அதை இறக்கவில்லை. இந்த வளைவுகளுக்கென்றே 908/3 என்ற சின்னக் காரைப் போர்ஷே செய்து கொண்டுவந்தது. வலு ஏறக்குறைய 350 குதிரை, நிறை ஏறக்குறைய 550 கிலோ. முதலிடமும் இரண்டாமிடமும் அதற்கே. ஐந்து லீற்றர் எஞ்சினோடு வந்த பெராரி 512 எஸ் மூன்றாவதாக வந்தது. அன்று லியோ கின்னுனென் ஒரு சுற்றை 33 நிமிடம் 36 செக்கனில் முடித்ததும் அந்தச் சின்னக் காரில்தான். 1973இல் இன்னும் வேடிக்கை. பெராரியும் அல்பா றோமியோவும் கொண்டுவந்த தனி றேஸ் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதியும் பழுதாகியும் விழ, கடையில் விற்கும் 911இலிருந்து உருவாக்கிய கரேரா முதலாவதாக வந்தது. உலகின் தலைசிறந்த சாரதிகள், மூடிய வீதி, எதிரே வாகனம் இல்லை. அப்படியிருந்தும் வீதி வலுவைவிடப் பொருத்தத்தையே தேர்ந்தெடுத்தது.

அந்தப் போட்டியின் நாயகன் ஒரு பள்ளிக்கூடத்து மனிதர் என்பது ஆசிரியர்களைக் கும்பிடும் எங்கள் சமூகத்துக்குப் பிடிக்கும். பலெர்மோவில் அதிபராக இருந்த நீனோ வக்கரெல்லாவை இத்தாலியர்கள் 'பறக்கும் அதிபர்' என்றார்கள். 1965, 1971, 1975 என்று மூன்றுமுறை வென்றார். மலை ஊர்களின் சுவர்களில் அவர் பெயரை எழுதிவைத்தார்கள். 2021இல் காலமானார். வறிய தெற்கைச் சேர்ந்த ஒருவர் வடக்கின் பெரிய கார்களில் ஏறி, தன் ஊர் வீதியில் உலகத்தை வென்றதில் சிசிலியருக்கு இருந்த பெருமையை அகதிகளான எங்களால் விளங்கிக்கொள்ளமுடியும்.

ஆனால் அந்த வீதி கடைசியில் தன் கணக்கைத் தீர்த்தது. 1977இல் ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. பார்க்க வந்தவர்களில் இருவர் இறந்தார்கள். போட்டி பாதியில் நிறுத்தப்பட்டது. பழைய வடிவில் தார்கா புளோரியோ அதன்பிறகு நடக்கவில்லை. ஊர்வழிப் பந்தயமாக, வேறு விதிகளோடு, அந்தப் பெயர் இப்போதும் இருக்கிறது. போட்டியின் சாரதி தான் எடுக்கும் ஆபத்தைத் தெரிந்தே எடுக்கிறார். ஓரத்தில் நிற்பவருக்கு அந்தத் தெரிவு இல்லை.

அந்த ஓரத்தில் நிற்பவர்கள் நாங்கள். பலெர்மோவில் எம்மவரில் அநேகர் வீட்டு வேலைக்கும் கிழவர்களைப் பராமரிக்கும் வேலைக்கும் விடியவே நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்கள். சாந்தா ரொசாலியா மாதாவிடம் நேர்த்தி வைத்து, சைவரும் வேதக்காரரும் ஒன்றாகப் பெலெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறுகிறவர்கள். சில வருடங்களுக்கு முன் எங்களில் தம்பியை ஒரேத்தோ வீதியின் பாதசாரிக் கடவையில், விடிய ஐந்தரை மணிக்கு, ஒரு கார் அடித்தது. நான்கு மாதம் காலில் கம்பியோடு கிடந்தான். அந்த நான்கு மாதமும் ஊருக்குக் காசு போகவில்லை. அடித்தது ஹெல்காற் அல்ல. எழுபது குதிரைகூட இல்லாத ஒரு சின்னக் கார். ஒரு மனிதனை முடமாக்க எழுபதே போதும் என்றால், எழுநூறை வைத்திருப்பவன் எவ்வளவு நிதானமாக இருக்கவேண்டும்?

சட்டங்களும் இதைத் தங்கள் பாசையில் சொல்கின்றன. இத்தாலியில் 185 கிலோவற்றுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவற்றுக்கும் வருடம் 20 யூரோ மேலதிக வரி. புதிய ஹெல்காற் ஒன்றுக்கு அதுமட்டும் 6,800 யூரோவைத் தாண்டும். 2024 டிசம்பர் நடுப்பகுதிக்குப்பின் இங்கே லைசென்ஸ் எடுப்பவர் முதல் மூன்று வருடம் 105 கிலோவற்றுக்கு மேற்பட்ட காரை ஓடமுடியாது. அது 140 குதிரை அளவு. ஒன்ராறியோவில், 80இலும் குறைந்த வேகக் கட்டுப்பாடுள்ள வீதியில் 40 கிலோமீற்றர் கூட ஓடிப் பிடிபட்டால் லைசென்ஸ் 30 நாளும் கார் 14 நாளும் அங்கேயே போய்விடும். 2021இல் இறுக்கிய சட்டம் இது. ஹெல்காற்றில் அந்த 40ஐக் கூட்ட ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிறிதுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, அம்மா ரெண்டு வேலை செய்தவ. நாங்கள் பஸ்ஸுக்காகப் பனிக்குள்ளை நிண்டு வளந்தனாங்கள். இந்தக் காரிலை போகேக்கைதான் ஆக்கள் என்னைத் திரும்பிப் பாக்கினம்" என்றான்.

இதற்கு எங்களிடம் பௌதிகம் இல்லை. அந்நிய நாட்டில் ஒருவரும் காணாத மனிதராக வாழ்வது எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். கண்ணாடி துடைக்கும் வீட்டில் எங்கள் பெயரை இருபது வருடமாகச் சரியாக உச்சரிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே காரை வில் என்று நாங்கள் சொல்லவில்லை. முழு வலுவையும் காணவேண்டுமென்றால் காசு கட்டி ஓடுபாதைக்குப் போ, அங்கே ஓரத்தில் ஆட்கள் மதிலுக்குப் பின்னால்தான் நிற்பார்கள் என்றோம். நல்ல மழை ரயர் போடு, கணினியின் பிடியை அணைக்காதே என்றோம். வீதியில் உன்னைத் திரும்பிப் பார்க்கிறவர்களில் ஒருத்தி, உன் அம்மாவைப்போல, இரண்டாம் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்றும் சொன்னோம்.

போன கிழமை அக்கா எடுத்தாள். சிவப்புத் திறப்பைத் தன்னிடம் தந்து சாமியறையில் வைக்கச் சொன்னானாம். சனிக்கிழமைகளில் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுபாதைக்குப் போகிறானாம். கறுப்புத் திறப்பிலும் 500 குதிரை இருக்கிறது என்பதை நாங்கள் அக்காவுக்குச் சொல்லவில்லை. அது ஐயாவின் ஒஸ்ரின்கள் பன்னிரண்டைச் சேர்த்துக் கட்டியதற்குச் சமம். அவள் நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும்.