எதிரே ஒரு நாய் வருகிறது

காலை ஐந்து மணி. நங்கநல்லூரில் பால் வண்டி வந்து போய்விட்டது. வாசல் தெளிக்க இன்னும் யாரும் வெளியே வரவில்லை. மணியை வெளியே அழைத்துப் போக வீட்டில் ஒதுக்கியிருக்கும் நேரம் இதுதான். மணி ஒரு சிப்பிப்பாறை நாய். சாத்தூர்ப் பக்கமிருந்து 2020 மார்ச்சில் குட்டியாக வந்தவன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் குழைவான், குழந்தைகள் வந்தால் எழுந்து வழிவிடுவான். மற்ற நாயைக் கண்டால் மட்டும் ஆகாது. தெருக்கோடியில் ஒரு நாய் தலைகாட்டினால் போதும், கயிறு அறுந்துவிடுமோ என்கிற அளவுக்குப் பாய்வான்.

இப்படியொரு நாயோடு காலம் தள்ளுவது எப்படி, அதைப் பழக்க முடியுமா என்று பார்க்கத்தான் போயிருந்தேன். வளர்ப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை, மணிக்கு அம்மா. கூட வந்தவர் நாய்ப் பயிற்சியாளர், வயதில் அவரைவிட இளையவர். "அக்கா, இன்னைக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. நான் பின்னாடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

கிளம்புவதற்கே நேரம் பிடித்தது. முதலில் நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ். அதோடு கழுத்தில் ஒரு பட்டை; இழுத்தால் கொஞ்சம் இறுகி, ஓர் அளவுக்கு மேல் இறுகாமல் நின்றுவிடும் வகை. சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். சாதாரணப் பட்டையைப் பின்பக்கமாக நடந்தே உருவிப் போட்டுவிடும். முயலைத் துரத்தவென்றே வளர்த்த இனம், கையை விட்டுப் போனால் ஓடிப் பிடிக்க நம்மால் ஆகாது. அதனால்தான் இரண்டு பிடிமானம். அடுத்தது வாய்க்கூடு. துணியில் தைத்து வாயை இறுக்கிக் கட்டும் ரகத்தைப் பயிற்சியாளர் தொடவே விடுவதில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. சென்னை வெயிலில் வாயைக் கட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மணிக்குப் போட்டது கூடை வடிவில் இருந்தது. அதற்குள் நாக்கை நீட்டலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்னக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அம்மா அதை நீட்டியதும் மணி தானாகவே மூக்கை உள்ளே விட்டான். தினமும் அதற்குள் தயிர் தடவி நக்கவைத்துப் பழக்கியதாகச் சொன்னார்.

இடுப்புப் பையில் அவித்த கோழி ஈரல், பட்டாணி அளவுக்கு நறுக்கியது. லிஃப்டில் போகவில்லை. கதவு திறக்கும்போது உள்ளே இன்னொரு நாய் இருந்தால் விலகிப் போக இடம் கிடையாது. படியில் இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா முதலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மணியை வரவிட்டார். வாட்ச்மேன் வெளியே பார்த்துவிட்டு, "யாரும் இல்லம்மா, போங்க" என்று கேட்டைத் திறந்தார்.

இந்தத் தெருக்களில் எந்த நாய் எங்கே படுக்கும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். தையல்கடைப் படியில் பழுப்பு நிறப் பெட்டை, காதில் கருத்தடை செய்த வெட்டு அடையாளம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இரண்டு கறுப்பு. பிள்ளையார் கோயில் முனையில் ஒரு கிழம், அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். ஆகவே தெருநாயே இல்லாத வழியைத் தேடுவதில் பயனில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த முனை வரைக்கும் குரைத்துக்கொண்டே வரும், அதற்கு மேல் காலெடுத்து வைக்காது. எல்லையை அறிந்து வைத்திருந்தால் வழியைத் தீர்மானிக்கலாம். துணிந்து நெருங்கி வருகிற நாய்க்கென்று அம்மா இன்னொரு பையில் பிஸ்கட் வைத்திருக்கிறார். ஒரு கைப்பிடி அள்ளி அதன் பக்கமாக வீசினால், அது பொறுக்கித் தின்று முடிப்பதற்குள் நாம் கடந்துவிடலாம்.

முதல் நாய் தென்பட்டது மூன்றாவது தெரு முனையில். எங்களிடமிருந்து நல்ல தூரம், ஏழெட்டு வீடு தள்ளி. குரைப்பு வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை லேசாகத் திறந்திருந்த வாய் பட்டென்று மூடியது. மூச்சிரைப்பு நின்றது. காது இரண்டும் முன்னால் வந்தன, நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது, உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு மாறியது. வால் உயர்ந்து விறைத்தது. இவ்வளவும் ஒரு நொடிக்குள். அந்த நொடியில் அம்மா "சரி" என்று மெல்லச் சொல்லி ஒரு துண்டு ஈரலை நீட்டினார். மணி திரும்பினான், வாங்கினான், மறுபடி நாயைப் பார்த்தான். மறுபடி "சரி", மறுபடி ஈரல். நான்காவது முறை நாயைப் பார்த்ததும், யாரும் எதுவும் சொல்லாமலே அம்மாவின் முகத்துக்குத் திரும்பினான். வாய் திறந்திருந்தது.

இதில் முன்பின் வரிசை முக்கியம். முதலில் நாய் கண்ணில் பட வேண்டும், பிறகுதான் தீனி வர வேண்டும். நாய் வருவதைப் பார்த்துப் பதறி நாம் முன்கூட்டியே ஈரலை நீட்டினால், ஈரல் வந்தாலே ஏதோ ஆபத்து வருகிறது என்று நாய் கணக்குப் போட்டுவிடும். தூரமும் முக்கியம். பயம் உச்சிக்கு ஏறிவிட்டால் ஈரல் என்ன, ஆட்டுக்கறியே கொடுத்தாலும் மோந்துகூடப் பார்க்காது. தின்கிறதா என்பதுதான் தூரம் போதுமா என்பதற்கு அளவுகோல்.

இந்த முறையின் வேர் நாய்களிடம் இல்லை, ஒரு சிறுவனிடம் இருக்கிறது. முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து அவன் பயத்தைப் போக்கியதை அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதினார். நாய்க்கு ஏற்றபடி இதை ஒரு விளையாட்டாக மாற்றி, அந்த நாயைப் பார், என்னைப் பார், தீனி வாங்கிக்கொள் என்று அமைத்தவர் லெஸ்லி மெக்டெவிட். 2007-இல் வந்த அவருடைய நூல் வழியாக இது பரவியது. நங்கநல்லூர்த் தெருவில் மணி செய்ததும் அதுதான்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நடை, திரும்பும் வழியில் கெட்டது. சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. கால் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளை பொமரேனியன் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு கார் அளவு இடம்கூட இல்லை. மணி எழும்பியதை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் முதலில் கேட்டது. பின்னங்காலில் நின்று, கயிற்றின் நுனியில் முறுக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் குரைத்தான். வாய்க்கூடு அம்மாவின் முழங்காலில் இடித்தது. அவர் கத்தவில்லை, கயிற்றைச் சுண்டவில்லை. இரு கையாலும் கயிற்றை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, "வா போலாம்" என்று உரக்கச் சொல்லித் திரும்பி நடந்தார். நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் போனதும் கைநிறைய ஈரலைத் தரையில் இறைத்தார். மணி சிறிது நேரம் நடுங்கிக்கொண்டு நின்றான். பிறகு மூக்கைத் தரையில் வைத்தான். மோந்து மோந்து பொறுக்கத் தொடங்கியதும் முதுகில் சிலிர்த்திருந்த மயிர் மெல்லப் படிந்தது.

"வா போலாம்" என்பதை வீட்டுக் கூடத்தில் நாயே இல்லாத நேரத்தில் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். ஆபத்து வந்த பிறகு கற்றுக்கொடுக்க முடியாது. "போதும்க்கா, நேரா வீட்டுக்கு. இன்னைக்கு சாயங்காலமும் நாளைக்கும் தெருப்பக்கம் வேண்டாம்" என்றார் பயிற்சியாளர். ஒரு முறை இப்படிப் பதறிய உடம்பு உடனே அடங்குவதில்லை. அது அடங்குமுன் இன்னொரு நாய், ஒரு வெடிச்சத்தம் என்று அடுத்தடுத்து வந்தால் எல்லாம் கூடிக்கொண்டே போகும். அப்போது ஏழெட்டு வீட்டுத் தூரம்கூடப் போதாது. வெளியே போகாத நாட்களில் மொட்டைமாடியில் பழைய செய்தித்தாள் உருண்டைகளுக்குள் தீனியை ஒளித்து வைத்துத் தேடவிடுகிறார்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் அமைதியாகிறது.

வேனுக்குப் பின்னால் நாங்கள் நின்றபோது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்மா." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் நம் ஊரில் நாய்களுக்கு நடக்கும் பெருங்கேடு இந்த ஒரு வரியில் இருக்கிறது. மற்ற நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து நெரிபட்டால், அடி விழுந்தால், அந்த வலிக்கும் எதிரே நிற்கும் நாய்தான் காரணம் என்று அது புரிந்துகொள்ளும். உறுமினதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும். ஷாக் கொடுக்கும் பட்டை, முள் பட்டை இரண்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. விலங்கு நடத்தையில் தேர்ந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும், எந்த நடத்தைச் சிக்கலானாலும், வெகுமதி சார்ந்த பயிற்சியையே பரிந்துரைத்திருக்கிறது. சங்கிலியைச் சுண்டி ஐந்தே நிமிடத்தில் நாயை அடக்கிக் காட்டுகிறவரிடம் உங்கள் நாயைக் கொடுக்காதீர்கள். அங்கே நீங்கள் பார்ப்பது அடங்கிய நாயை அல்ல, உறைந்துபோன நாயை.

மணி ஏன் இப்படியானான்? அவன் வீட்டுக்கு வந்த சில நாளில், மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கியது. நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரத்தோடு மங்கிவிடுகிறது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நெடுங்காலம் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பருவத்தின் கடைசி வாரங்களை மணி ஒரு ஃபிளாட்டுக்குள் கழித்தான், வேறு நாயையே பார்க்காமல். ஊரடங்கு தளர்ந்து வெளியே வந்தபோது ஒரு தெருநாய்க் கூட்டம் சூழ்ந்துகொண்டு தொடையில் கடித்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய மணி.

பயிற்சியைத் தொடங்குமுன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களாம். மூட்டு வலி, காதில் சீழ், உண்ணிக் காய்ச்சல் எது இருந்தாலும் நாய் எரிந்து விழும். வலியை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பது வீண். நான் இதை முதல் வேலையாகவே சொல்வேன்.

இன்னொரு நாள் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். பயிற்சியாளரின் சொந்த நாய், சாதுவான நாட்டுப்பெட்டை, எதிர்க்கோடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மணி இந்தப் பக்கம். இரண்டு நாய்களையும் நேருக்கு நேர் கொண்டுவராமல் ஒரே திசையில், நடுவே பெரிய இடைவெளி விட்டு, பக்கவாட்டில் நடத்தினார்கள். மணி தரையை மோந்தான், தலையைத் திருப்பிக்கொண்டான், ஒரு முறை உடம்பை உதறினான். இவை பதற்றம் இறங்குவதற்கான அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் பரிசாக அம்மா அவனை அங்கிருந்து தள்ளி அழைத்துப்போனார். அன்று பரிசு ஈரல் இல்லை, தூரம். மணி இத்தனை காலம் குரைத்துக் குரைத்துக் கேட்டது அதைத்தானே. குரைக்காமல் கேட்டாலும் கிடைக்கும் என்று தெரிந்தால் குரைக்கத் தேவையில்லை.

மணி என்றைக்காவது மற்ற நாய்களோடு விளையாடுவானா என்று கேட்டேன். "விளையாட வேண்டாம். தாண்டிப் போகத் தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றார் அம்மா. பயிற்சியாளரும் அதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை. அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான். இப்போதெல்லாம் ஏழெட்டு வீட்டுத் தூரம் மூன்று நான்கு வீடாகக் குறைந்திருக்கிறது. குறைந்த தூரம் சில நாள் மீண்டும் கூடிவிடுவதும் உண்டு. உறவினர் வீடு, வெளியூர்க் கல்யாணம் என்று அம்மா விட்டுக்கொடுத்தவை ஏராளம். அதைச் சொல்லும்போது குரலில் சலிப்பு இல்லை.

நான் கிளம்பும்போது மூன்றாம் மாடிக் குடும்பம் ஒரு லாப்ரடார் குட்டியோடு வந்து இறங்கியது. ஒன்பது வாரக் குட்டி. அம்மா உடனே கீழே போய், யார் எந்த நேரத்தில் நாயை இறக்குவது என்று வாட்ஸ்அப்பில் அட்டவணை போட்டுக்கொண்டார். தடுப்பூசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே வைக்கப்போகிறோம் என்றார்கள் அவர்கள். பயிற்சியாளர் குறுக்கிட்டார். "தரையில விட வேண்டாம்ணா, பார்வோ வந்துரும். ஆனா தினமும் தூக்கிட்டு வெளிய வாங்க. பஸ், குடை, கோயில் மேளம், மத்த நாய், எல்லாத்தையும் கையில இருந்தபடியே பார்க்கட்டும். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க."