பெருமூச்சுக்குப் பிறகு

வன்னியில் யுத்தம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி வரிசைகளில் நின்ற பெண்கள் யாரும் மனசு சரியில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நெஞ்சு அடைக்குது என்றார்கள். தலையிடி என்றார்கள். கை கால் விறைக்குது, உடம்பெல்லாம் எரியுது, இரவில் நெஞ்சு பதைபதைத்து எழும்பவேண்டியிருக்கு, பெருமூச்சு வந்துகொண்டே இருக்கு என்றார்கள். பனடோல் கொடுத்தார்கள். ஈசிஜி எடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த நோவுகளை யுத்தத்தின் நடுவிலேயே கவனித்தவர். 1998இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற அவரது ஆங்கில நூல், யுத்தம் தமிழர் மனங்களுக்குச் செய்ததைப் பற்றியது. எங்கள் சனம் துயரத்தை உடம்பால்தான் சொல்கிறது என்பதை அவர் திரும்பத் திரும்ப எழுதினார். பெருமூச்சையும் நெஞ்சு நோவையும் அவர் பாசாங்காக எடுக்கவில்லை. உடம்பு சொல்வதை உடம்பிலிருந்தே கேட்கத் தொடங்கினார். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், மந்திரம் உருப்போடுதல் என்று ஊருக்குப் பழக்கமான வழிகளையே சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். சாமியே வேண்டாம் என்பவருக்கு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை இருந்தது: தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிறகு தளரவிடுவது.

எனக்கு இந்தச் சிகிச்சை வந்து சேர்ந்தது பல வருடங்கள் கழித்து. அதற்குள் என் உடம்பு தன் பாட்டில் ஒரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. 2009இன் முதல் மாதங்களில் பங்கருக்குள் இருந்தபோது ஷெல் கூவி வரும் சத்தத்துக்கு, நான் யோசிக்குமுன்பே அது குனிந்துவிடும்; தோள் காதுவரை ஏறிவிடும்; பல் இறுகும்; மூச்சு பாதியில் நிற்கும். குனிந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன். பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வாளி சரிந்த சத்தத்துக்கும் அதே குனிவு. ஊருக்குத் திரும்பிய பிறகும், கோயில் திருவிழாவில் வெடி போட்டால் அதே குனிவு. யுத்தம் முடிந்ததை ரேடியோவில் கேட்டுவிட்டேன், உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மனசைத் திடப்படுத்து, தைரியமாக இரு, பிள்ளைகளை நினை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் சொன்னது இதுதான். அன்போடு சொன்னார்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஏறிப்போய் நிற்கிற தோளை நினைப்பால் இறக்க முடியாது. ஆபத்து என்று மூளையின் அடியில் மணி அடித்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ஓடவோ உறையவோ தசைகள் தயாராகின்றன. இதில் எதுவும் எங்கள் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. எங்கள் கைக்கு எட்டுகிற ஒரே கயிறு மூச்சு. அது தானாகவும் நடக்கும், நாம் நினைத்தபடியும் நடக்கும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது.

எங்கள் கிராமத்து முன்பள்ளிக் கட்டடத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை ஒரு அக்கா வருவார். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, பிறகு உளவளத்துணை படித்தவர். “பாயில படுக்க ஏலுமெண்டால் படுங்கோ பிள்ளையள். ஏலாட்டி இருங்கோ. கண் மூட வேணுமெண்டில்லை” என்பார். முதல் நாள் யாருமே படுக்கவில்லை. ஒருத்தி கதவடியில், வெளியே பார்த்தபடி இருந்தாள். தடுப்பு முகாமில் இருந்து வந்தவள். மல்லாந்து படுப்பது அவளுக்கு என்ன நினைவைக் கொண்டுவரும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவளை உள்ளே வா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. கதவும் ஒருநாளும் சாத்தப்படவில்லை.

அவர் செய்யச் சொன்னதெல்லாம் மிகச் சிறியவை. பாதம் தரையில் படுகிற இடத்தைக் கவனி. சீமெந்து குளிருதோ, சூடோ? தோளைக் காதுவரை தூக்கு, கொஞ்சம் பிடி, விடு. விட்ட பிறகு என்ன தெரியுது? அவ்வளவுதான். சீமெந்துத் தரையின் குளிர் என் உள்ளங்காலில் ஏறியபோது, எனக்குப் பாதம் இருப்பதையே நான் இவ்வளவு காலம் உணராமல் நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அது சந்தோசமாக இல்லை, பயமாக இருந்தது. உணர்வு திரும்பும்போது அதோடு சேர்ந்து வேறு எல்லாமும் திரும்பப் பார்க்கிறது. யாராவது வியர்க்கத் தொடங்கினால் அக்கா உடனே நிறுத்திவிடுவார். கண்ணைத் திற, சுவரில் என்ன படம் இருக்குது சொல்லு, தண்ணி குடி, வெளியில ஒருக்கா நடந்துபோட்டு வா. ஒரே நாளில் எல்லாவற்றையும் கிளறி எடுப்பவர்களை நான் நம்புவதில்லை. கொஞ்சம் தொட்டு, திரும்பி வந்து, இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம் தொடுவதே நல்லது.

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அன்ரி, மூச்சுப் பயிற்சி சைவக்காரரின் வேலை என்று ஒதுங்கியே இருந்தார். செபமாலையை எடுங்கோ, மெதுவாகச் சொல்லுங்கோ, அது போதும் என்றார் அக்கா. அன்ரியைச் சமாதானப்படுத்தச் சொன்ன பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகுதான் படித்தேன், இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பற்றி. லத்தீனில் செபமாலை சொன்னாலும், யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்கு மெதுவாகி, இதயத்தின் தாளமும் சீர்ப்படுவதை அளந்து காட்டினார்கள். எங்கள் பாட்டிமார் திண்ணையில் இருந்து செய்த காரியத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அமெரிக்காவின் பொஸ்டனில் பெசல் வான் டெர் கோல்க் குழு, மற்றச் சிகிச்சைகளால் அதிர்ச்சி நோய் குணமாகாத 64 பெண்களிடம் செய்த ஆய்வு 2014இல் வந்தது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், 10 கிழமை மென்மையான யோகா. முடிவில் கணக்கில் எடுக்கப்பட்டவர்களில், யோகா செய்த 31 பேரில் 16 பேர் அந்த நோயின் அளவுகோலிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுகாதார வகுப்புக்குப் போன 29 பேரில் 6 பேர்தான். இந்த யோகாவில் ஆசிரியர் யாரையும் கை வைத்துத் திருத்துவதில்லை, கட்டளை இடுவதும் இல்லை. இன்னும் குனி, இன்னும் நீட்டு என்று அதட்டுகிற வகுப்பு காயம்பட்ட உடம்புக்கு இன்னொரு தண்டனை.

என் குஞ்சம்மா சனிக்கிழமைகளில் எனக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகவார்ப்பார். “தலையில கை வைக்கட்டோ?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் தொடுவார். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். அந்த அம்மாக்களின் பெருமூச்சுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில்தான் மருந்து. உடம்பை ஆற்றுவதைக் காட்டி அந்தக் கேள்வியை அமத்தப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வருடக்கணக்காக வெயிலில் இருந்து கேட்பதற்கும் ஒரு உடம்பு வேண்டும், அதற்காகத்தான் அந்த உடம்பைப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பின்னால் நின்று தோளைத் தொடாதீர்கள். முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வெடி கொளுத்துமுன் சொல்லிவிட்டுக் கொளுத்துங்கள். அவர் படுக்கிற அறைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் திறந்துவையுங்கள். நெஞ்சு அடைக்குது என்றால் முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னாலும், நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள்.